லினக்ஸ் மடிக்கணினிக்குக் கம்பியில்லா இணைப்பு வந்த கதை

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை உண்டு. மாணவர் கையில் மூடி ஒட்டிய சிறு பெட்டி ஒன்றைக் கொடுப்போம். வெளியே நான்கு முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே மின்தடை இருக்கலாம், மின்தேக்கி இருக்கலாம், டையோடு இருக்கலாம். பெட்டியைத் திறக்கக் கூடாது. முனைகளில் மின்னழுத்தம் கொடுத்து, ஓடும் மின்னோட்டத்தை அளந்து, உள்ளே இருப்பது இன்னதென்று சொல்ல வேண்டும். கெட்டிக்காரர்கள் அரை மணியில் சொல்லிவிடுவார்கள்.

இச்சோதனையை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய மடிக்கணினி நினைவுக்கு வரும். 2009-ல் நான் எம்.எஸ்ஸி. மாணவன். ஒருவர் பயன்படுத்திய மடிக்கணினியை மலிவாக வாங்கி, அதில் லினக்ஸ் ஏற்றினேன். திரை, விசைப்பலகை, ஒலி எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. வைஃபை மட்டும் இல்லை. அட்டை ஒன்று இருப்பது தெரிகிறது, ஆனால் அதனுடன் பேச முடியவில்லை என்றது லினக்ஸ். அதற்கு வேண்டிய கோப்பை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும்படி யோசனையும் கூறியது. இணையத்துக்குப் போகத்தானே வைஃபை கேட்கிறோம்! பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். பென் டிரைவை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்தருகே இருந்த பிரவுசிங் சென்டருக்கு மூன்று நாள் நடந்தேன்.

இன்று ஒரு மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றினால், பெரும்பாலும் ஏற்றி முடிக்கும் முன்பே அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் திரையில் வரிசையாக வந்து நிற்கின்றன. இது தானாக வந்ததன்று. மூடிய பெட்டி ஒன்றைத் திறக்காமலே உள்ளிருப்பதை அறிந்த சிலரின் உழைப்பு இதன் பின்னே இருக்கிறது.

உரிமம் நீங்கிய அலைகள்

வைஃபை என்பது வானொலிதான். ஒரு சிறு ஒலிபரப்பியும் ஏற்பியும் சேர்ந்தது. அதன் அதிர்வெண் சுமார் 2400 மெகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை இதனால் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் என்று வரும். இதே பகுதியில்தான் சமையலறையின் மைக்ரோவேவ் அடுப்பும் வேலை செய்கிறது. அடுப்பின் இரைச்சல் இருப்பதால் இந்த அலைகளைச் செய்தித் தொடர்புக்கு உகந்தவையாக எவரும் மதிக்கவில்லை. 1985-ல் அமெரிக்கச் செய்தித்தொடர்பு ஆணையம், 902, 2400, 5725 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் மூன்று பட்டைகளில், செய்தியை அகலமாகப் பரப்பி அனுப்பும் முறைக்கு உரிமம் வேண்டியதில்லை என்று அறிவித்தது. இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டைக்கு இவ்விடுதலை 2005 ஜனவரியில் கிடைத்தது.

அறிவிப்பைப் பயன்படுத்திக்கொண்டவர்களுள் முதன்மையானது என்.சி.ஆர். நிறுவனம். கடைகளில் உள்ள பணப்பதிவு இயந்திரங்களைக் கம்பியில்லாமல் இணைக்க வேண்டும் என்பது அவர்கள் தேவை. நெதர்லாந்தில் இருந்த அவர்களது பொறியாளர்கள் 1990-ஐ ஒட்டி வேவ்லேன் என்ற அட்டையை உருவாக்கினர். ஆளுக்கொரு முறையில் அட்டை செய்தால் ஒன்றுடன் ஒன்று பேசாது என்பதால், அந்நிறுவனத்தின் விக் ஹேய்ஸ் தலைமையில் பொது நெறி வகுக்கும் குழு அமைந்தது. ஏழாண்டு விவாதத்துக்குப் பின் 1997-ல் 802.11 என்னும் நெறி வெளிவந்தது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-ல் இது 11 ஆயிற்று, 2003-ல் 54.

சில்லோடு பேசுவது எப்படி?

லினக்ஸின் கதை இதே காலத்தில் வேறிடத்தில் நடந்துகொண்டிருந்தது. 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், ஓர் இயக்க மென்பொருளின் உட்கருவை எழுதி வெளியிட்டார். கெர்னல் எனப்படும் இந்த உட்கருவின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஒரே நிபந்தனை: திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் மூல நிரலையும் கொடுக்க வேண்டும்.

கெர்னல் ஒவ்வொரு கருவியுடனும் பேசியாக வேண்டும். ஒரு வைஃபை சில்லினுள் பதிவகங்கள் என்னும் சின்னஞ்சிறு அறைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண். ஓர் அறையில் ஓர் எண்ணை எழுதினால் ஒலிபரப்பும் அதிர்வெண் மாறும். இன்னோர் அறையில் எழுதினால் திறன் கூடும் அல்லது குறையும். எந்த அறையில் எதை, எந்த வரிசையில், எத்தனை மைக்ரோ நொடி இடைவெளி விட்டு எழுத வேண்டும் என்பதை அறிந்து செய்யும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அறைகளின் பட்டியலும் அவற்றின் பொருளும் சில்லைச் செய்தவரிடம் இருக்கும். அவர் கொடுத்தால் யாரும் டிரைவர் எழுதலாம்.

தொடக்கத்தில் பெரிய சிக்கல் எழவில்லை. ஹியூலெட் பேக்கார்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த ழான் டூரில் 1996 முதல் லினக்ஸுக்கான கம்பியில்லாக் கருவிகளை எழுதி வந்தார். வலையமைப்பின் பெயர், அலைவரிசை எண், மறைச்சொல் ஆகியவற்றைத் தட்டச்சு செய்து அமைக்கும் கட்டளைகள் அவர் தந்தவை. பத்தாண்டுக்கு மேல் லினக்ஸில் வைஃபை அமைத்தவர் எல்லோரும் அவர் தந்த கட்டளைகளைத்தான் தட்டச்சு செய்தனர். பின்லாந்தின் யோனி மாலினென், பிரிஸம் என்ற சில்லுக்கு டிரைவர் எழுதியதோடு, வைஃபையின் பூட்டுச் சாவியைக் கையாளும் நிரலையும் எழுதினார். இன்றைய கைப்பேசிகள் பலவற்றிலும் அந்த நிரல் ஓடுகிறது.

கதவு மூடியது

2003-ல் நிலைமை மாறிற்று. ஜனவரியில் ஆப்பிள் தன் மடிக்கணினிகளில் 54 மெகாபிட் வேகமுள்ள அட்டையைப் பொருத்தியது. அதன் சில்லு பிராட்காம் நிறுவனத்தது. மார்ச்சில் இன்டெல் தன் சென்ட்ரினோவை வெளியிட்டது. வைஃபை என்பது தனியாக வாங்கிச் செருகும் பொருள் என்ற நிலை போய், மடிக்கணினியோடு கூடப் பிறந்ததாயிற்று. ஆனால் லினக்ஸுக்கு டிரைவர் இல்லை. இன்டெல் ஓராண்டு கழித்து ஒரு டிரைவரைத் திறந்த நிரலாக வெளியிட்டது. பிராட்காம் தன் விவரக் குறிப்பைத் தரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்போது வீடுகளில் மிகப் பரவலாக விற்ற லிங்க்ஸிஸ் ரவுட்டர் ஒன்றில் இருந்ததும் பிராட்காம் சில்லுதான். அந்த ரவுட்டரினுள் ஓடுவது லினக்ஸ் என்பதை 2003-ல் சிலர் கண்டுபிடித்தனர். உரிம நிபந்தனையைச் சுட்டிக்காட்டி மூல நிரலைக் கேட்டனர். சில மாத வாதத்துக்குப் பின் நிரல் வெளியாயிற்று. ஆனால் வைஃபை டிரைவர் மட்டும் படிக்க முடியாத இரும வடிவிலேயே இருந்தது. ஆக, லினக்ஸில் இயங்கும் டிரைவர் உலகில் இருந்தது. லினக்ஸ் வைத்திருந்தவருக்குத்தான் அது கிடைக்கவில்லை!

ஏன் தரவில்லை? தொழில் இரகசியம் ஒரு காரணம். மற்றொன்று கொஞ்சம் நியாயமானது. பழைய வானொலியில் அதிர்வெண்ணைக் கட்டுப்படுத்தியது கம்பிச்சுருளும் மின்தேக்கியும். புதிய சில்லில் அதைக் கட்டுப்படுத்துவது மென்பொருள். மென்பொருளைத் திறந்து கொடுத்தால் எவராவது அனுமதியில்லாத அதிர்வெண்ணில் ஒலிபரப்புவார். பழி நிறுவனத்தின் மேல் வரும். இந்த அச்சம் முற்றிலும் கற்பனையன்று. 2484 மெகாஹெர்ட்ஸில் உள்ள 14-ஆம் அலைவரிசை ஜப்பானில் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. அமெரிக்காவில் 11-உடன் நின்றுவிடுவார்கள். எனினும் இது பாதி உண்மை என்றே நான் கருதுகிறேன். சட்டம் மீற நினைப்பவன் மூடிய மென்பொருளையும் மாற்றத்தான் செய்வான். சட்டத்தை மதிப்பவனுக்கோ தான் காசு கொடுத்து வாங்கிய கருவி பயன்படாமல் கிடக்கும்.

இடைக்கால ஏற்பாடாக ஒரு தந்திரம் வந்தது. விண்டோஸுக்கென எழுதிய டிரைவரை அப்படியே லினக்ஸில் ஏற்றி, அது எதைக் கேட்டாலும் விண்டோஸ் போலவே பதில் சொல்லி ஏமாற்றும் மென்பொருள். பெயர் எண்டிஸ்ராப்பர். வேற்றூர்ச் சமையற்காரரை அழைத்து வந்து, அவர் வீட்டு அடுக்களை போலவே பாத்திரங்களை அடுக்கிக் கொடுப்பதற்கு ஒப்பானது இது. பலருக்கு இதனால் வேலை நடந்தது. ஆனால் ஏதாவது பழுதானால் உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க வழியில்லை. தவிர, அந்த டிரைவர் இன்டெல் வகைச் செயலிக்கே ஏற்றது. பவர்பிசி செயலி கொண்ட ஆப்பிள் மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றியவர்களுக்கு இந்தக் குறுக்கு வழியும் அடைபட்டிருந்தது. வேறு வழியில்லாதவர்கள்தாம் சில சமயம் சரியான வழியைத் தேடுகிறார்கள்.

சுவருக்கு இருபுறமும்

இரும வடிவிலுள்ள டிரைவரைப் பிரித்துப் படிப்பது கடினம், ஆனால் முடியாததன்று. தொல்லை சட்டத்தில் இருந்தது. பிறர் நிரலைப் படித்துவிட்டுத் தானும் ஒன்று எழுதினால் அது நகல் என்று வழக்கு வரும். ஒரு கருவி எப்படி இயங்குகிறது என்ற உண்மைக்குப் பதிப்புரிமை இல்லை. அதை ஒருவர் எழுதிய வாசகத்துக்கே உண்டு. எனவே உண்மையை எடுத்துக்கொண்டு வாசகத்தை விட்டுவிட வேண்டும்.

இதற்கு முன்மாதிரி இருந்தது. 1982-ல் ஐ.பி.எம். கணிப்பொறிக்கு ஒத்த கணிப்பொறி செய்த காம்பேக் நிறுவனம், பொறியாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்தது. ஒரு குழு ஐ.பி.எம். நிரலைப் படித்து அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதியது. அந்நிரலைக் கண்ணால் காணாத மற்றொரு குழு, அக்குறிப்பைக் கொண்டு புதிய நிரல் எழுதியது.

பிராட்காம் சில்லுக்கும் இதே முறை. 2005-ல் ஒரு குழு நிறுவனத்தின் டிரைவரைப் பிரித்துப் படித்து விவரக் குறிப்பு எழுதி, எல்லோரும் காணும்படி இணையத்தில் வைத்தது. இன்ன அறையிலுள்ள எண்ணைப் படி. அதன் கடைசி நான்கு பிட்டுகளை மாற்று. இத்தனை மைக்ரோ நொடி பொறு. அடுத்த அறையில் இதை எழுது. இப்படியே பக்கம் பக்கமாக. மார்ட்டின் லாங்கர், ஸ்டெஃபானோ பிரிவியோ, மைக்கேல் பியூஷ், டேனி வான் டைக், ஆண்ட்ரியாஸ் யாகி ஆகிய ஐவர் சுவரின் மறுபுறம் இருந்து நிரல் எழுதினர். நிறுவனத்தின் டிரைவரை அவர்கள் படிப்பதில்லை என்பது விதி.

குறிப்பில் கண்ட எண்கள் பலவற்றுக்கு ஏன் என்று எவருக்கும் தெரியாது. அப்படி எழுதினால் வேலை செய்கிறது, அவ்வளவே. டைக்கோ பிராஹி விட்டுச்சென்ற அளவுகளிலிருந்து கோள்களின் பாதை நீள்வட்டம் என்று கெப்ளர் கண்டார். ஏன் நீள்வட்டம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. நியூட்டன் வரும்வரை அவ்விதிகள் வெறும் எண் பொருத்தங்களாகவே இருந்தன. ஆயினும் கோளின் இடத்தைச் சரியாகவே கூறின. இந்த டிரைவரும் அப்படிப்பட்டதே. 2005 டிசம்பரில் அது பொதுச் சோதனைக்கு வந்தது. 2006 ஜூனில் வெளியான 2.6.17 கெர்னலில் இடம்பெற்றது.

படிகத்திலிருந்து சில்லுக்கு

இப்பணியில் சேர்ந்தவர்களுள் ஒருவரை இயற்பியல் மாணவர் அறிந்திருக்க வேண்டும். அவர் பெயர் லாரி ஃபிங்கர். வாஷிங்டனில் உள்ள கார்னகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் படிகவியல் அறிஞராக இருந்தவர். எக்ஸ் கதிரைப் படிகத்தின் மேல் செலுத்தினால் அது பல திசையில் சிதறிப் புள்ளிகளாக விழும். புள்ளிகளின் இடத்தையும் பொலிவையும் அளந்து, கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் எங்கெங்கே அமர்ந்துள்ளன என்று கணக்கிடுவது அவர் தொழில். 1987-ல் திரவ நைட்ரஜனின் வெப்பநிலையிலேயே மீக்கடத்தியாகும் இட்ரியம் - பேரியம் - தாமிர ஆக்சைடு கண்டுபிடிக்கப்பட்டு உலகம் பரபரத்தபோது, அதன் படிக அமைப்பை ஆராய்ந்து கூறிய குழுக்களில் இராபர்ட் ஹேசனும் இவரும் இருந்த குழுவும் ஒன்று. இவர் பெயரால் ஃபிங்கரைட் என்று ஒரு கனிமமே உண்டு.

ஓய்வு பெற்ற பின் இவர் லினக்ஸ் வைஃபை பணிக்கு வந்தார். முதலில் டிரைவரைப் பேணினார். பின்னர் சுவரின் மறுபுறம் மாறி, 2009-ல் குறைந்த மின்திறன் சில்லுகளின் வானொலிப் பகுதிக்கு விவரக் குறிப்பு எழுதினார். அடுத்து ரியல்டெக் நிறுவனச் சில்லுகளுக்கான டிரைவர்களைப் பல ஆண்டு கவனித்துக்கொண்டார். 2024 ஜூனில் அவர் மறைந்தபோது, கெர்னலில் அவர் கைபட்ட திருத்தங்கள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. படிகத்தைப் படித்தவருக்குச் சில்லைப் படிப்பது புதிதாக இருந்திருக்காது. இரண்டும் மூடிய பெட்டிதானே.

பின்னாளில் பெட்டியைத் திறக்கும் முறையும் மாறிற்று. நிறுவனத்தின் டிரைவரைப் பிரித்துப் படிப்பதற்குப் பதில், அதை இயங்கவிட்டு, சில்லின் அறைகளில் அது எழுதுவதையும் படிப்பதையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்தனர். அலைவரிசையை மாற்றிப் பார்ப்பது. எந்த அறையின் எண் மாறிற்று என்று நோக்குவது. எங்கள் ஆய்வுக்கூடத்துச் சோதனையேதான்.

ஏதெரோஸ் நிறுவனத்தின் சில்லுகளுக்கு வேறு விதமான வரலாறு. அதற்கு லினக்ஸ் டிரைவர் இருந்தது. ஆனால் சில்லைத் தொடும் அடிப்பகுதி மட்டும் இரும வடிவில் மூடியிருந்தது. ஓப்பன்பிஎஸ்டி என்ற மற்றோர் இயக்க மென்பொருளைச் சேர்ந்த ரேக் ஃப்ளோட்டர் அதற்கு ஈடாகத் திறந்த நிரல் ஒன்றை எழுதினார். அதிலும் நகல் என்ற ஐயம் கிளம்பிற்று. 2007-ல் வழக்கறிஞர் அமைப்பு ஒன்று ஆராய்ந்து குற்றமில்லை என்று கூறிய பிறகே அது லினக்ஸுக்குள் வந்தது. அதே ஆண்டு பிராட்காம் டிரைவர் பற்றி லினக்ஸாருக்கும் ஓப்பன்பிஎஸ்டியாருக்கும் உரிமச் சண்டை மூண்டு, பின்னவர் தம் டிரைவரையே நீக்கிவிட்டதும் நடந்தது. ஒரே பூட்டை உடைக்க நின்றவர்கள் தமக்குள் அடித்துக்கொண்டது வருந்தத்தக்கதே.

2008-ல் ஏதெரோஸ் மனம் மாறிற்று. தன் புதிய சில்லுக்கு முழுவதும் திறந்த டிரைவரைத் தானே வெளியிட்டது. பழைய அடிப்பகுதியின் மூல நிரலையும் கொடுத்தது. அதிர்வெண் பற்றிய அச்சத்துக்கும் விடை கிடைத்தது. எந்த நாட்டில் எந்தப் பட்டை, எவ்வளவு திறன் என்று ஒரு பட்டியலை லினக்ஸிலேயே சேர்த்தனர். இந்தியா என்றால் இந்தியாவின் எல்லைக்குள் டிரைவர் அடங்கி நிற்கும். பட்டியலை யாரும் படித்துச் சரிபார்க்கலாம். 2010 செப்டம்பரில் பிராட்காமும் தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த டிரைவர் தந்தது. ஐந்தாண்டு சுவருக்கு இருபுறமும் அமர்ந்து எழுதியவர்களுக்கு அன்று எப்படி இருந்திருக்கும்!

இன்னும் மூடியிருப்பது

முழுக் கதவும் திறந்துவிடவில்லை. ஒரு வைஃபை செய்தி வந்து சேர்ந்தால், கிடைத்தது என்ற பதிலை 10 மைக்ரோ நொடி கழித்து அனுப்பத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் ஒளியே 3 கிலோமீட்டர்தான் போகும். பல வேலைகளில் ஈடுபட்டுள்ள கணிப்பொறியால் அவ்வளவு துல்லியமாகப் பதில் சொல்ல இயலாது. ஆகவே பல சில்லுகளினுள் ஒரு குட்டிச் செயலி இருக்கிறது. அதற்கென ஒரு குட்டி நிரல் இருக்கிறது. இதை ஃபர்ம்வேர் என்பர். 2009-ல் பென் டிரைவில் நான் சுமந்து வந்தது இதைத்தான். பிராட்காம் சில்லுகளின் ஃபர்ம்வேரைப் பிறர் பகிர அனுமதி இல்லாததால், வேறு இயக்க மென்பொருளின் டிரைவரிலிருந்து அதை நறுக்கி எடுக்கத் தனிக் கருவியே எழுத வேண்டியிருந்தது. இத்தாலியின் பிரெஷியா பல்கலைக்கழகத்தினர் 2009-ல் சில பிராட்காம் சில்லுகளுக்குத் தாமே ஒரு திறந்த ஃபர்ம்வேர் எழுதிக் காட்டினர். பெரும்பாலான சில்லுகளில் அது இன்றும் மூடியே உள்ளது. பகிர்வதற்கு மட்டும் நிறுவனங்கள் அனுமதி கொடுத்துவிட்டதால், லினக்ஸோடு சேர்ந்தே வந்துவிடுகிறது, நாமும் கவனிப்பதில்லை.

என் பழைய மடிக்கணினி இப்போது ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. திறந்த டிரைவர் ஆதலால், வந்து சேரும் அலையின் வலிமையை எண்ணாகவே அது கூறும். தகரப் பலகை ஒன்றைச் சுவரில் சாய்த்து, அதன் எதிரே மடிக்கணினியைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக நகர்த்தினால், நேரே வரும் அலையும் பலகையில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து நிலையலை உண்டாவதைக் காணலாம். வலிமை குன்றும் இடங்கள் அரை அலைநீளத்துக்கு ஒன்றாக, ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் தூரத்தில் வரவேண்டும். சென்ற மாதம் மூன்று மாணவியர் எடுத்த அளவு 7 என்று வந்தது. அலை பலகையின் மேல் சாய்வாக விழுந்ததை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை. கோணத்தையும் அளந்து மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.